பினாங்குக்கு விசா வேண்டாம், சரி...

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் மலேசியாவில் 30 நாள் விசா இல்லாமல் தங்கலாம். அதிலிருந்து எங்கள் சென்னை ராயபுரத்தில் கோலாலம்பூர் பேச்சுதான்.

விசா கட்டணம் போனால் மலேசியாவுக்கு நட்டமில்லையா என்கிறார்கள் சிலர். அது சில்லறைக் காசுங்க. குடும்பமாகப் போகிறவர் ஓட்டல், டாக்சி, சாப்பாடு என்று இறைப்பது அதைப்போலப் பல மடங்கு. கட்டணத்தைவிட, 'கிடைக்குமா கிடைக்காதா' என்ற இழுபறிதான் ஆளைத் தடுத்தது.

முன்பு நம்ம சென்னைத் துறைமுகத்திலிருந்தே மலேசியாவின் பினாங்குக்கு எம்.வி. சிதம்பரம் கப்பல் ஓடியது. 1985 தீ விபத்தோடு அந்தச் சேவை முடிந்தது. இப்போது வருமானமெல்லாம் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பக்கம்.

ஆனால் மலேசியத் தமிழர் இங்கே வர இன்னும் இ-விசா எடுக்கணும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கல்யாணத் துணி எடுக்க வருகிறவருக்கு எதற்கு இந்தத் தடை? நாமும் திறந்துவிடலாமே!