பின்சக்கரத்துப் பிரேக்

சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழகத்தின் எல்லையூராக அமைந்திருப்பது ஆரம்பாக்கம். அதனைத் தாண்டினால் ஆந்திரத்துத் தடா. முன்னர் 5 என்றும் இப்போது 16 என்றும் எண் பெற்றுள்ள அச்சாலையில் இரவென்றும் பகலென்றும் பாராமல் கன்டெய்னர் லாரிகள் ஓடிக்கொண்டேயிருக்கின்றன. கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள், அந்த லாரிகளின் இடுக்கில்தான் மோட்டார் சைக்கிளில் போய் வருகின்றனர். ஆகவே, ஒரு வண்டியின் பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்பது இவ்வூரில் சிறு செய்தி அன்று.

நம் தங்கை மகனின் வண்டி பழையது. மறைந்துவிட்ட நம் மச்சான் ஓட்டியது. அதனை விற்றுவிடத் தங்கைக்கும் மனமில்லை, மகனுக்கும் மனமில்லை. மாதம் ஒருமுறை தாயாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டு உறவினர் வீட்டுக்குப் போய்வருவதும் அந்த வண்டியில்தான். ஒப்பந்தக் கூலியில் வேலை பார்க்கும் பிள்ளை; பட்டறைக்குக் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்த எண்ணி, ஒரு விடுமுறை நாளில் வீட்டுத் திண்ணையிலேயே பின்சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் ஷூக்களை மாற்றினார், செயினைச் சரிசெய்தார், கேமைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் இட்டார். எல்லாம் புதிது, ஆனால் பெடலை மிதித்தால் வண்டி நிற்கவில்லை, மெல்லத் தயங்கியது, அவ்வளவே. தங்கை நம்மிடம் வந்து, “அண்ணே, அவன் சொன்னாக் கேக்க மாட்டான், நீங்க ஒரு தடவ பாத்துச் சொன்னாத்தான் நான் பின்னால ஏறுவேன்” என்றார்.

நாம் எந்திரம் பயின்றவர் அல்லர். எனினும், பட்டறையொன்றில் பல்லாண்டு கணக்கெழுதிய காலத்தில் கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் ஏராளம். அந்நாளைய மெக்கானிக் நண்பரொருவர் இன்றும் நெடுஞ்சாலையோரம் கூரைப் பட்டறை வைத்திருக்கிறார். அவரையும் அழைத்துக்கொண்டோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிரேக் பிடிக்கவில்லை என்றவுடன் ராடின் நுனியிலுள்ள நட்டைத் திருகி இறுக்குவதே எல்லாரும் செய்யும் வைத்தியம். மருமகனும் அதனைத்தான் செய்திருந்தார். சக்கரம் சுழலும்போது உரசும் அளவுக்கு இறுக்கியும் பலனில்லை. இறுக்குவதால் பெடலின் வெற்றோட்டம் குறையுமே தவிர, பிடிக்கும் வலிமை கூடாது. பல வண்டிகளில் பெடல் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை வெறுமனே இறங்கிய பிறகே ஷூ டிரம்மைத் தொடவேண்டும். அதற்குக் குறைந்தால் ஷூ ஓயாமல் உரசி, டிரம் சூடேறி, இருக்கும் பிடிப்பும் போய்விடும். செயினைச் சரிசெய்யச் சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்தினால் பிரேக் தானே இறுகும். முன்னுக்கு நகர்த்தினால் தளரும். ஆதலின் செயினைத் தொட்டவர் பிரேக்கையும் பார்த்தே தீரவேண்டும்.

நண்பர் ஸ்பானரைத் தொடவேயில்லை. மருமகனைப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பக்கவாட்டிலிருந்து பார்த்தார். “பாய், ராடும் லீவரும் நிக்கிற கோணத்தப் பாருங்க” என்றார். நாமும் பார்த்தோம்.

பிரேக் அழுந்தி நிற்கும் நிலையில் ராடும் லீவரும் ஏறத்தாழச் செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். அப்போதுதான் காலின் வலிமை முழுவதும் கேமைத் திருப்பும். கோணம் விரிய விரிய, ராடு லீவரைத் திருப்புவதற்கு மாறாக அதன் நீளவாக்கில் இழுக்கத் தொடங்குகிறது. செங்கோணத்திலிருந்து 45 பாகை விலகிவிட்டால், 10 பங்கு வலிமையில் ஏறக்குறைய 7 பங்குதான் கேமைச் சென்றடையும். கேமின் தண்டில் நுண்ணிய பற்கள் உண்டு. லீவரைக் கழற்றி மாட்டும்போது, தண்டிலுள்ள புள்ளியும் லீவரிலுள்ள புள்ளியும் நேருக்கு நேர் வரவேண்டும். இங்கோ லீவர் பற்கள் சில தள்ளி முன்பக்கம் சாய்ந்து மாட்டப்பட்டிருந்தது. கழற்றுமுன் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்திருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை. இளைஞர்கள் கழற்றுவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியைக் குறித்து வைப்பதில் காட்டினால் நலமாயிருக்கும்.

லீவரை மாற்றிப் பூட்டியதும் பிடிப்பு கூடியது. ஆனால் நண்பர் நிறைவடையவில்லை. சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். உள்ளே இருந்த தூசியை மருமகன் வாயால் ஊதப் போனபோது அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

துடைத்த பிறகு தெரிந்தது இரண்டாவது குறை. கேமுக்கு இட்ட கிரீஸ் விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தது. கேமின் தண்டுக்கும், ஷூ ஊன்றி நிற்கும் முளைக்கும் மெல்லிய பூச்சே போதும். மிகுந்தது டிரம்மின் சூட்டில் உருகி ஒரு ஷூவின் லைனிங்கில் ஊறிக் கறுத்திருந்தது. “உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுடலாமே மாமா, புது ஷூ” என்றார் பிள்ளை. அவருடைய வருத்தம் நமக்குப் புரியாமலில்லை. ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் வாங்கிய பொருளும் வீணாவதென்றால் யாருக்குத்தான் நோகாது? ஆயினும் மேற்பரப்பில் பட்ட கறையைத் தேய்க்கலாம், உள்ளே ஊறிய எண்ணெயைத் தேய்த்தெடுக்க இயலாது; சூடேறும் ஒவ்வொரு முறையும் அது மீண்டும் கசியும். தங்கை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை சற்று நேரம் அந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுந்து கடைக்குப் போய் வேறு சோடி வாங்கி வந்தார்.

டிரம்மையும் அளந்து பார்த்தோம். 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம்முக்குப் பொதுவாக 111 வரையே தேய்மானம் அனுமதி. இது அதற்குள்தான் இருந்தது. புதிய ஷூவின் மேல் சாக்குக்கட்டி பூசி, மாட்டி, லேசாக மிதித்துச் சக்கரத்தைச் சுற்றிப் பிறகு பிரித்துப் பார்த்தபோது, நடுவில் மட்டும் சாக்கு அழிந்திருந்தது. அதாவது ஷூவின் முழுப்பரப்பும் இன்னும் டிரம்மோடு பொருந்தவில்லை. மேடான இடத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தார் நண்பர். மீண்டும் பூட்டும்போது ஆக்சில் நட்டை முழுக்க இறுக்குமுன் பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஷூக்கள் விரிந்து டிரம்மின் மையத்தில் தாமே நிலைகொள்ளும். அந்த நிலையில் இறுக்கினால் இரு ஷூக்களும் ஒப்பப் பிடிக்கும்.

பிரேக் தட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் தாங்குகம்பியின் நட்டையும், அதன் துளையில் செல்லும் பின்னையும் நண்பர் இருமுறை தொட்டுப் பார்த்தார். அது கழன்றால் மிதித்த மாத்திரத்தில் தட்டே சக்கரத்தோடு சுழன்று, ராடை வளைத்துச் சக்கரத்தைப் பூட்டிவிடும். பிரேக் பிடிக்காததைவிடக் கொடிய விபத்து அது.

இங்கே இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்னும் அச்சம் நம் மக்களிடம் பரவலாக உண்டு. அதனால் பின் பிரேக்கையே நம்பி ஓட்டுவோர் பலர். உண்மையில் வேகம் தடைப்படும்போது பாரம் முன்சக்கரத்துக்குச் சாய்கின்றது. எனவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கே. 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சிசி வரையிலான வண்டிகளில், ஒரு பிரேக்கை இயக்கினால் இரு சக்கரமும் பிடிக்கும் இணைப்பு முறையோ, சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ். முறையோ இருக்கவேண்டும் என்பது விதி. மச்சானின் வண்டி அதற்கு முந்தியது. இரு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் பொறுப்பு ஓட்டுபவருடையதே. அதனை மருமகனுக்குக் காலி மைதானத்தில் நான்கைந்து முறை ஓட்டிக் காட்டச் செய்தோம்.

புதிய லைனிங் பதமாகும் வரை வேகம் வேண்டாம், திடீரென மிதிக்கவும் வேண்டாம் என்று நண்பர் கூறிச் சென்றார். ஊருக்குள்ளேயே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டை அரைச்சுற்று இறுக்க வேண்டியிருந்தது. அடுத்த மாதம் தங்கை பழவேற்காட்டுக்கு அதே வண்டியில் சென்றார்.