காற்றுக்கு ஒரு வழி

கணினி வலையமைப்புக் கருவிகளைத் தாங்கும் இரும்புச் சட்டகமான ரேக், பார்வைக்குச் சாதாரண அலமாரியாகத் தோன்றினாலும், அதன் அளவுகள் அனைத்தும் முன்பே வரையறுக்கப்பட்டவை: கருவியின் முகப்புத் தகடு 19 அங்குல அகலம் கொண்டது, உயரம் ‘யு’ என்னும் அலகால் குறிக்கப்படுகிறது, ஒரு யு என்பது 44.45 மில்லிமீட்டர். 42 யு உயரமுள்ள ரேக் நிரம்பும்போது அதன் எடை பல நூறு கிலோவைத் தொடக்கூடும் என்பதால், யூபிஎஸ், பேட்டரி போன்ற கனமானவற்றை அடியில் அமைத்து, கீழிருந்து மேலாக நிரப்பிக்கொண்டு போவதே முறை. சறுக்குச் சட்டத்தில் அமைந்த கருவிகளில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஒரே நேரத்தில் வெளியே இழுத்தால் எடை முன்பக்கம் சாய்ந்து ரேக்கே கவிழும் அபாயம் உண்டு. அதனால் முதல் கருவி ஏறுவதற்கு முன்பே சட்டகம் தரையோடு போல்ட்டால் பிணைக்கப்பட வேண்டும். எர்த் இணைப்பிலும் இதே கவனம் தேவை; பெயிண்ட் பூசிய கீலை நம்பிவிடாமல், கதவுக்கும் தனியாகப் பச்சை-மஞ்சள் கம்பி கொடுக்கப்பட வேண்டும்.

கருவி உறிஞ்சும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. கேமராக்களுக்கும் தொலைபேசிகளுக்கும் கேபிள் வழியே மின்சாரம் அனுப்பும் சுவிட்சில் மட்டும், அனுப்பப்பட்ட பங்கு அக்கருவிகள் இருக்கும் இடத்தில் வெப்பமாகிறது. ஒரு டன் ஏசி அகற்றக்கூடிய வெப்பம் சுமார் 3.5 கிலோவாட் என்பதை நினைவில் கொண்டால், தேவையான ஏசியின் அளவைக் கணக்கிடுவது கடினமன்று. ஆனால் கணக்குச் சரியாக இருந்தும் கருவிகள் கொதிக்கும் அறைகள் பல உண்டு. அங்கே குறைவது குளிர்ச்சி அன்று, காற்றின் ஒழுங்கே.

குளிர்காற்று முன்புறம் நுழைந்து, சூடாகிப் பின்புறம் வெளியேற வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ரேக்குகளின் முகங்களை எதிரெதிராக நிறுத்திக் குளிர் வரிசை, வெப்ப வரிசை எனப் பிரிக்கும் ஏற்பாட்டின் நோக்கமும் இதுவே. ஒரே ரேக்கிற்குள்ளும் இவ்விதி பொருந்தும்: கருவி இல்லாத இடைவெளியைத் திறந்து விட்டால், பின்புறத்துச் சூடான காற்று அதன் வழியாக முன்னே திரும்பி வந்து மீண்டும் உள்ளிழுக்கப்படுகிறது. அவ்விடைவெளியை அடைக்கும் பிளாங்கிங் பேனல் என்னும் வெற்றுத் தகட்டின் விலை மிகக் குறைவு; அதைத் தேவையற்ற செலவென்று கருதி விட்டுவிடும் வழக்கம் வருந்தத்தக்கது.

இவற்றையெல்லாம்விட நுட்பமான பிழை ஒன்று உண்டு. சர்வர்களின் கேபிள்கள் பின்புறம் இருப்பதால், சுவிட்சின் போர்ட்டுகளும் பின்னோக்கி இருக்குமாறு அதைத் திருப்பிப் பொருத்துவர். அந்தச் சுவிட்சு போர்ட் பக்கமிருந்து காற்றை இழுக்கும் வகையாக இருந்தால், அது சர்வர்கள் வெளியேற்றிய சூட்டையே நாள் முழுதும் சுவாசிக்கிறது. இதற்காகவே ஃபேன்கள் இரு திசைகளிலும் கிடைக்கின்றன. சிஸ்கோ நிறுவனத்தின் நெக்சஸ் சுவிட்சு வரிசையில் நீல அடையாளம் போர்ட் பக்கம் காற்றை வெளிவிடுவதையும், அடர்சிவப்பு அடையாளம் அப்பக்கம் உள்ளிழுப்பதையும் குறிக்கும். மின்வழங்கிகளின் திசையும் ஃபேன்களோடு ஒத்திருக்க வேண்டும். இதை வாங்கும் ஆணையிலேயே குறிப்பிடுவது நலம்.

சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரங்களில் இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. ரேக்கிற்கு நேர் மேலே ஸ்பிளிட் ஏசியை மாட்டினால், வடிகுழாய் அடைபடும் நாளில் நீர் நேராகக் கருவியின் மீது சொட்டும். அலுவலகம் மூடும்போது ஏசியையும் அணைத்துவிட்டால், இரவெல்லாம் இயங்கும் சுவிட்சுகள் மூடிய அறையைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

கருவிக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்பது ஆஷ்ரே என்னும் குளிரூட்டல் பொறியாளர் அமைப்பின் பரிந்துரை. அறையின் சுவரில் மாட்டிய வெப்பமானி இதற்கு உதவாது; ரேக்கின் முன்புறத்தில் அடி, நடு, உச்சி ஆகிய மூன்று இடங்களில் அளக்க வேண்டும். உச்சியில் மட்டும் வெப்பம் மிகுந்திருந்தால், ஏசியின் எண்ணைக் குறைப்பதற்கு முன் திறந்திருக்கும் இடைவெளிகளைத் தேடி அடைத்துவிட்டு, மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும்.