சின்னச் சிறகு

பேரன் வீட்டில் கட்டும் ரேடியோ விமானம் பொம்மை இல்லை. வானில் குட்டிக்கரணம் போடும் ரகம். இறக்கை 80 அங்குலத்துக்கு மேல், பெட்ரோல் எஞ்சின், உடம்பு பால்சா மரமும் பிளைவுட்டும். அவன் சொல்லும் 'ஃபியூசலாஜ்', 'ஏலரான்' இரண்டும் புதுச்சேரிப் பள்ளியில் நான் படித்த பிரெஞ்சு. முன்னது நூல் நூற்கும் கதிரின் வடிவத்தால் வந்த பெயர்; பின்னதற்குச் சின்னச் சிறகு என்று பொருள்.

அந்தச் சின்னச் சிறகை அசைப்பது சர்வோ மோட்டார். அதன் திருகு ஒன்று கழன்றால் போதும், விமானம் ஆள்மேல் விழலாம். ரேடியோ ரிசீவருக்கு இரண்டு பேட்டரி. ஒன்று போனால் மற்றது தாங்கும். வால் கனத்தால் விமானம் பேச்சுக் கேட்காது; பேட்டரியை மூக்குப் பக்கம் நகர்த்திச் சமன் செய்கிறான்.

பறக்கும்போது எல்லோரும் கைதட்டுவார்கள். எனக்கு, பறக்கவிடுமுன் ஒவ்வொரு திருகையும் அவன் தொட்டுப் பார்ப்பதுதான் நிம்மதி.