மாடி அறைத் தம்பியின் ஓட்டு

2024 ஏப்ரல் 19 அன்று மை வைத்த விரலைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். நிறையப் பேர் வாழ்த்தியிருந்தீர்கள். அன்று எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

எங்கள் ஒரகடம் பக்கம் மாடியில் அறை கட்டி வாடகைக்கு விடுவது சகஜம். எங்கள் மாடியில் ஒடிசா கஞ்சம் மாவட்டத்துத் தம்பி ஒருவர் ஐந்து வருடமாக இருந்தார். கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. தமிழ் நன்றாகப் பேசுவார். தேர்தலுக்குச் சில மாதம் முன்பு படிவம் 8 கொடுத்து, ஓட்டை இங்கே மாற்றக் கேட்டிருந்தார். குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். சொந்த வீடு வேண்டியதில்லை. இதை நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன்.

வாடகை ஒப்பந்தம் கேட்டார். "அதெல்லாம் எதுக்குப்பா" என்று தட்டிக் கழித்தேன். நம் விலாசத்தில் ஓட்டு வந்தால் அப்புறம் வீட்டைக் காலி செய்ய மாட்டான் என்று மைத்துனர் சொல்லியிருந்தார். (இதையும் படிப்பார், கோபித்துக்கொள்ள வேண்டாம்.) பி.எல்.ஓ. அம்மா விசாரிக்க வந்தபோது, "இருக்காரு, எப்ப கிளம்புவாரோ தெரியாது" என்றேன். பொய் இல்லை. ஆனால் இத்தனை தேர்தலில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்தவனுக்கு அந்த வார்த்தை என்ன செய்யும் என்று தெரியாதா? மனு தள்ளுபடி ஆனது.

1991 மே 21 குண்டுவெடிப்புக்குப் பின் ஜூனுக்குத் தள்ளிப்போன தேர்தலில், இதே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டியூட்டி பார்த்தேன். வெயிலில் நடந்து வந்த ஒரு பாட்டியின் பெயர் பட்டியலில் இல்லை. திருப்பி அனுப்பினேன். அந்தக் கதையை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன், உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

ஓட்டுப் போட்டுவிட்டு நான் வந்தபோது, தம்பி மொட்டை மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கம்பெனி லீவு. அவருடைய அஸ்கா தொகுதியில் மே 20-ஆம் தேதி வாக்குப்பதிவு. போய்வர நாலு நாள் சம்பளம் போகும், டிக்கெட்டும் கிடைக்காது. போகவில்லை. "சார், மை காட்டுங்க" என்று என் விரலைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, புதுப் படிவம் வாங்கி வைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். "நானே எழுதித் தரேம்பா, ஒப்பந்தமும் போட்டுக்கலாம்" என்றேன்.

"பரவால்ல சார். அடுத்த மாசம் ஓசூர் போறேன். அங்க ஹவுஸ் ஓனர்கிட்ட கேக்கறேன்" என்றார்.