நானே இருக்கிறேன் என்று சொன்னவன்

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். செமஸ்டர், இன்டர்னல், அசைன்மென்ட் என்று வழக்கமான காரணங்கள்தான். இந்தத் தடவை எழுத வைத்ததும் ஒரு அசைன்மென்ட்தான் என்பது வேறு விஷயம்.

'ஏதாவது ஒரு பழைய நிறுவனத்தின் வரலாறு, பத்துப் பக்கத்துக்குக் குறையாமல்' என்று கொடுத்திருந்தார்கள். வகுப்பில் பாதிப்பேர் டாட்டா, மீதிப்பேர் டி.வி.எஸ். கொஞ்சம் வித்தியாசமாகச் செய்யலாமே என்று (வேறென்ன, சீன் போடத்தான்) நான் கோர்ட்டால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியை எடுத்தேன். விக்டோரியா ராணி காலத்தில் துக்க வீட்டுப் பெண்கள் உடுத்தும் கறுப்பு க்ரேப் துணி நெய்தே பெரிய ஆளானவர்கள். அந்த வழக்கம் குறைய ஆரம்பித்ததும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 1904-ல் விஸ்கோஸ் தயாரிக்கும் உரிமையை வாங்கினார்கள். நம் ஊரில் செயற்கைப் பட்டு என்போமே, அந்த ரேயான். அதற்கப்புறம் பணம் கொட்டியது. 1998-ல் ஆக்ஸோ நோபல் கம்பெனியை வாங்கிக்கொண்டது, கதை முடிந்தது. பத்துப் பக்கத்துக்கு நல்ல சரக்குதான்.

ஆனால் அதே 1904-ல் அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒரு பையனைப் பற்றி ஒரு வரி கண்ணில் பட்டது. அகஸ்டின் கோர்ட்டால்ட். 26 வயதில் கிரீன்லாந்தின் பனிப்பாளத்தின் நடுவில் ஐந்து மாதம் தன்னந்தனியாக இருந்தவர். என் அசைன்மென்ட் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. ஒரு வாரம் அவரையும் அவருடைய தலைவரையும் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் பெயர் ஜினோ வாட்கின்ஸ். கேம்பிரிட்ஜ் மாணவர். அங்கே ரேமண்ட் ப்ரீஸ்ட்லி (கேப்டன் ஸ்காட்டுடன் அண்டார்டிகா போனவர்) துருவப் பிரதேசம் பற்றிக் கொடுத்த சொற்பொழிவுகளைக் கேட்டுவிட்டு, நாமும் போகலாமே என்று கிளம்பியவர். நாமெல்லாம் எத்தனை கெஸ்ட் லெக்சர் கேட்டிருக்கிறோம், எழுந்து டீக்கடைக்குத்தான் போயிருக்கிறோம் :-). அவர் 1927-ல், இருபதாவது வயதில், ஆர்க்டிக்கில் இருக்கும் எட்ஜ் தீவுக்கு ஒரு ஆய்வுக் குழுவை நடத்திக்கொண்டு போனார். அதுவரை அவரே ஆர்க்டிக்கைப் பார்த்ததில்லை!

பெரிய பயணம் 1930-ல். பிரிட்டனிலிருந்து ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழியாகக் கனடாவுக்கு விமானம் விட முடியுமா என்று பார்க்க வேண்டும். பூமி உருண்டை என்பதால் அந்த வழிதான் குறுக்கு வழி. பிரச்னை என்னவென்றால் கிரீன்லாந்தின் நடுப்பகுதியில் குளிர்காலத்தில் வானிலை எப்படி இருக்கும் என்று தெரியாது. அங்கே போய் உட்கார்ந்து அளக்க வேண்டும். மொத்தம் 14 பேர், பெரும்பாலானவர்கள் இருபதுகளில் இருந்தவர்கள். தலைவருக்கு வயது 23. குழுவில் பலர் அவரைவிட மூத்தவர்கள். இரண்டு குட்டி மோத் விமானங்கள், நாய்வண்டிகள், ஷாக்கிள்டன் கடைசியாகப் பயணம் செய்த அதே 'க்வெஸ்ட்' கப்பல். செலவில் பெரும் பங்கு கோர்ட்டால்ட் குடும்பத்துப் பணம். அதாவது ரேயான் பணம். (என் அசைன்மென்ட்டுக்குச் சம்பந்தம் இருக்கிறது பார்த்தீர்களா!)

கிழக்குக் கரையில் முகாம் போட்டார்கள். அங்கிருந்து உள்ளே 200 கிலோமீட்டருக்கு மேல், 8,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், பனியின் மேல் ஒரு கூடாரம். கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி. உள்ளே நுழையப் பனியில் தோண்டிய சுரங்கம், மூச்சுவிட உச்சியில் ஒரு குழாய். இரண்டிரண்டு பேராகப் போய்த் தங்கி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து காற்று, வெப்பம் எல்லாம் குறிக்க வேண்டும். ஆள் மாற்றி ஆள். நல்ல திட்டம்தான்.

அக்டோபர் கடைசியில் ஆள் மாற்றக் கிளம்பிய குழு புயலில் மாட்டியது. அதை நடத்தியவர் ஸ்பென்ஸர் சாப்மன். ஒயர்லெஸ் கருவியை வழியிலேயே கைவிட்டார்கள். ஐந்து வாரத்துக்கு மேல் திண்டாடி டிசம்பர் ஆரம்பத்தில் நிலையத்தை அடைந்தபோது, அங்கே இருப்பவர்களுக்காகக் கொண்டுவந்த சாப்பாட்டில் பெரும்பகுதியை அவர்களே தின்று தீர்த்திருந்தார்கள். வேறு வழியில்லை. மிச்சம் இருந்தது இரண்டு பேருக்குப் போதாது. நிலையத்தை மூடிவிடலாமா என்று பேச்சு வந்தது.

அப்போதுதான் கோர்ட்டால்ட், "நான் தனியாக இருக்கிறேன்" என்றார். விரல்களில் பனிக்கடி, திரும்பி நடக்கும் பயணத்தைவிட இங்கே இருப்பதே மேல், தனிமை எனக்குப் பிடிக்கும், ஒருவனுக்கு இந்தச் சாப்பாடு போதும் என்று வாதாடினார். மற்றவர்கள் தயங்கினார்கள். கடைசியில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

ஜனவரி, பிப்ரவரி ஓடிவிட்டது. பனி விழ விழ ஆள் வெளியே வரும் வழி அடைபட்டுக்கொண்டே வந்தது. மண்வெட்டியை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார், அது புதைந்துபோனது. இந்த ஒரு விஷயத்தைப் படித்தபோது எனக்கு வயிறு என்னவோ செய்தது. எவ்வளவு சாதாரணமான மறதி! மார்ச் 20 தாண்டியதும் முழுதாக மூடிக்கொண்டது. மண்ணெண்ணெய் குறைந்துகொண்டே போனதால் பெரும்பாலும் இருட்டில் படுத்திருந்தார். ஊரில் நிச்சயம் செய்துகொண்ட பெண்ணை நினைத்துக்கொண்டு, ஒரு பாய்மரப் படகை மனதிலேயே வரைந்துகொண்டு.

மார்ச்சில் அவரை அழைத்துவர மூன்று பேர் போனார்கள். நடத்தியவர் ஜே.எம்.ஸ்காட், வாட்கின்ஸின் நெருங்கிய நண்பர். அந்த வெள்ளைப் பரப்பில் வாரக்கணக்கில் தேடியும் நிலையம் அகப்படவில்லை. சாப்பாடு தீர்ந்து ஏப்ரல் 17 அன்று வெறும் கையோடு திரும்பினார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், நண்பனைத் தேடப் போய் நண்பன் இல்லாமல் திரும்பி வந்து தலைவன் முன்னால் நிற்பது! ஸ்காட்டை வாட்கின்ஸ் ஒரு வார்த்தை குறை சொன்னதாக நான் படித்த எதிலும் இல்லை. அவர் செய்தது ஒன்றுதான். சில நாட்களில் சாப்மன், ரிமில் இருவரையும் கூட்டிக்கொண்டு தானே கிளம்பினார்.

இதற்குள் செய்தி லண்டனுக்குப் போய்ப் பத்திரிகைகள் பொங்கிவிட்டன. கோர்ட்டால்ட் குடும்பம் ஆரன்பெர்க் என்ற ஸ்வீடன் விமானியைத் தேடுவதற்கு அனுப்பியது.

மே 5, 1931. பனிச்சறுக்கில் பரவலாகத் தேடிக்கொண்டு வந்தவர்கள் தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்தார்கள். கிழிந்த கொடி. பக்கத்தில் பனிக்கு மேல் கொஞ்சமே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்த காற்றுக் குழாய். சுற்றிலும் ஒரு காலடித்தடம் கிடையாது. வாட்கின்ஸ் மண்டியிட்டு அந்தக் குழாயில் வாயை வைத்துக் கத்தினார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

ஸ்டவ்வில் கடைசிச் சொட்டு மண்ணெண்ணெய் அன்றைக்குத்தான் தீர்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

இதே குளிர்காலத்தில், இதே பனிப்பாளத்தில், ஜெர்மானியர்களுக்கும் ஒரு நடு நிலையம் இருந்தது. தலைவர் ஆல்ஃப்ரெட் வெகனர். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன அதே வெகனர். அங்கே இருந்த இரண்டு பேருக்குச் சாமான் போய்ச் சேரவில்லை என்று அவரே கிளம்பிப் போய்ச் சேர்ந்தார். ஐம்பதாவது பிறந்தநாளான நவம்பர் 1, 1930 அன்று, ராஸ்முஸ் வில்லும்சன் என்ற கிரீன்லாந்து இளைஞரோடு திரும்பிக் கிளம்பினார். இரண்டு பேரும் கரை சேரவில்லை. வெகனரின் உடல் கிடைத்தது மே 12, 1931. கோர்ட்டால்ட் உயிரோடு கிடைத்து சரியாக ஒரு வாரம் கழித்து. வில்லும்சனின் உடல் கிடைக்கவே இல்லை. ஆக, தலைவனே நேரில் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது.

எங்கள் மேனேஜ்மென்ட் பேப்பரில் தலைமை மூன்று வகை என்று ஐந்து மார்க் கேள்வி ஒன்று உண்டு. சர்வாதிகாரத் தலைவர், ஜனநாயகத் தலைவர், கண்டுகொள்ளாத தலைவர். வாட்கின்ஸ் அதிகாரம் பண்ண மாட்டார், யாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், எந்த வேலையும் தான் செய்து காட்டிய பிறகுதான் மற்றவர்களைச் செய்யச் சொல்வார் என்கிறார்கள். எந்த டப்பாவில் போடுவது? ஆனால் எனக்கு உறுத்தியது அந்த ஐந்து மார்க் இல்லை. ஒருவன் தானாகவே 'நான் இருக்கிறேன்' என்று சொன்னால், அவனை விட்டுவிட்டு வந்ததற்குப் பொறுப்பு யாருடையது?

உறுத்தக் காரணம் உண்டு. இதுவரை இங்கே எழுதாத கதை.

போன வருஷம் டிசம்பரில் எங்கள் என்.எஸ்.எஸ். முகாம். ஏழு நாள், ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கல், 48 பேர், நான்தான் மாணவர் தலைவன். ஐந்தாம் நாள் கண்மாய்க் கரையில் புங்கங்கன்று நட்டுக்கொண்டிருந்தோம். சாயங்காலம் மழை பிடித்துவிட்டது. அவசர அவசரமாகக் குட்டியானையில் எல்லாரையும் ஏற்றினோம். மிச்சக் கன்றுகளும், ஊரில் இரவல் வாங்கிய மண்வெட்டி கடப்பாறைகளும் வண்டியில் கொள்ளவில்லை. முதலாமாண்டுப் பையன் ஒருவன், "நான் இருக்கேண்ணே, நீங்க அடுத்த ட்ரிப்புல வாங்க" என்றான். சரிடா என்றேன்.

அடுத்த ட்ரிப் போகவில்லை. வண்டிக்காரர் வேறு வாடகைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் கடைசி நாள் கலைநிகழ்ச்சிக்கு ஒத்திகை, யார் ஆடுவது யார் மைக் பிடிப்பது என்று சண்டை, நான் பஞ்சாயத்து. இரவுச் சாப்பாட்டுக்குத் தலை எண்ண வேண்டும். எண்ணவில்லை. நோட்டில் 48 என்று எழுதிவிட்டேன். தினமும் 48 தானே.

ஒன்பது மணிக்கு அவன் கூட்டாளி ஒருத்தன் வந்து, "அண்ணே, அவன் எங்கண்ணே?" என்றான்.

பைக்கில் போனோம். ராத்திரியில் கண்மாய்க் கரையில் என்னென்ன ஊரும் என்று ஊர்க்காரர்கள் முதல் நாளே சொல்லி எச்சரித்திருந்தார்கள். அவன் மதகு மேல் உட்கார்ந்திருந்தான். தலையில் ஒரு உரச்சாக்கு. செல்போனில் சார்ஜ் இல்லை. கன்றுகளைக் காற்றில் சாயாமல் வரிசையாகச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தான். "வருவீங்கன்னு தெரியும்ணே" என்றான். பல் கிட்டித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்ததும் பொறுப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம்: "அவனாத்தான் சார் இருக்கேன்னு சொன்னான்."

பொய்யில்லை. அவன் பக்கத்திலேயே ஈரத்துணியோடு நின்றுகொண்டு, "ஆமா சார், நான்தான் சொன்னேன்" என்று தலையாட்டினான். ஆசிரியர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

கோர்ட்டால்ட் விஷயத்தில் 'அவனே கேட்டுக்கொண்டான்' என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. முடிவெடுத்த இடத்தில் வாட்கின்ஸ் இல்லவும் இல்லை, அது சாப்மன் எடுத்த முடிவு. இருந்தும் பழியைத் தானே ஏற்றார். அவரைப் புனிதராக்கவும் எனக்கு இஷ்டமில்லை. மார்ச் வரை காத்திருந்திருக்க வேண்டுமா என்று இன்னும் கேட்கத் தோன்றுகிறது. ஒரே ஒரு ஒயர்லெஸ்ஸை நம்பித் திட்டம் போட்டதும் தப்புதான். அடுத்த வருஷமே, 1932 ஆகஸ்ட் 20 அன்று, மறுபடி கிரீன்லாந்தில், தனியாகக் கயாக்கில் வேட்டைக்குப் போய் இறந்துபோனார். படகு மட்டும் மிதந்துகொண்டிருந்தது. வயது 25. தன் விஷயத்தில் அவருக்கு அவ்வளவு ஜாக்கிரதை போதவில்லை.

எனக்குப் புரியாதது கோர்ட்டால்ட்தான். பனிக்குள்ளிருந்து தூக்கியெடுத்த அதே 1931 கோடையில், கிரீன்லாந்தின் தெற்கு முனையைச் சுற்றித் திறந்த படகில் சுமார் 1,000 கிலோமீட்டர் போகலாமா என்று வாட்கின்ஸ் கிளம்ப, கோர்ட்டால்ட்டும் ஏறிக்கொண்டார். கூட லெமன் என்று இன்னொருவர். ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்ள வேண்டியவர்! (1932-ல் செய்துகொண்டார்.) அப்புறம் 1935-ல், வாட்கின்ஸ் விமானத்திலிருந்து முதலில் பார்த்து, பின்னால் அவர் பெயரே வைக்கப்பட்ட மலைத்தொடருக்குப் போய், ஆர்க்டிக்கிலேயே உயரமான சிகரத்தில் முதலில் ஏறியவர்களில் ஒருவரானார். 3,694 மீட்டர்.

போன வாரம் அந்தப் பையன் போன் செய்தான். இந்த வருஷ முகாமுக்கு அவன்தான் மாணவர் தலைவன். "ரெண்டு நாளாவது வந்துட்டுப் போங்கண்ணே, நீங்க இருந்தா தைரியமா இருக்கும்" என்றான். கிண்டல் செய்கிறானோ என்று பார்த்தேன், இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறான். பரீட்சை முடியட்டும், சொல்கிறேன் என்றேன்.

வரும்போது பழைய வருகை நோட்டையும் எடுத்துட்டு வாங்க என்றான். மாதிரிக்குப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அது என் மேசையில்தான் இருக்கிறது. ஐந்தாம் நாள் பக்கத்தில் 48 என்றே இருக்கிறது. அடித்துத் திருத்திக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா என்று தெரியவில்லை.

பி.கு: அசைன்மென்ட்டுக்கு 10-க்கு 6. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில், 'பொருளை விட்டு விலகிச் செல்கிறது.'