அப்படியும் இல்ல

குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வாங்கிய நோட்டின் பின்பக்கத்திலிருந்து நான் ஒரு ஆளுக்கு வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். திங்கள்: காலை வணக்கம், ரோஜாப் பூவோடு. செவ்வாய்: நாற்பது நிமிடம் பேசினார், நன்றாகச் சிரித்தார். புதன் முதல் ஞாயிறு வரை: ஒன்றுமில்லை, ஆனால் என் ஸ்டேட்டஸை முதல் ஆளாகப் பார்த்திருக்கிறார். அடுத்த திங்கள்: சிங்கப்பூரில் பெய்த மழையின் படம், கீழே ஒரு வார்த்தை இல்லை. முன்பக்கத்திலிருந்து தொடங்கிய அரசியலமைப்புச் சட்டம் இருபது பக்கத்தைத் தாண்டவில்லை. பின்னாலிருந்து வந்த இவர் முப்பதைத் தாண்டிவிட்டார்.

ஸ்ரீரங்கத்தில் நடந்த தோழியின் கல்யாணத்தில் பழக்கம். மாப்பிள்ளையின் நண்பர், ஒரு மாத விடுப்பில் வந்திருந்தார். அந்த மாதத்தில் ஆறு முறை சந்தித்தோம். உப்பிலியபுரத்திலிருந்து துறையூர், துறையூரிலிருந்து புலிவலம், மண்ணச்சநல்லூர் வழியாகச் சத்திரம் பேருந்து நிலையம். ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ், வீட்டுக்கு ஒரு பொய். நேரில் பார்த்த நாட்களில் எனக்கு எந்தக் குழப்பமும் இருந்ததாக நினைவில்லை. திருச்சியிலிருந்து விமானம் ஏறிய பிறகுதான் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. “அடுத்த தடவை வர்றப்போ புளியஞ்சோலை போவோம்” என்பார். எப்போது என்று கேட்டால் “பாக்கலாம்” என்பார். ஒருநாள் வீடியோ காலில் அவர் அக்காவிடம் காட்டி “ஃபிரெண்டு” என்றார். அன்று இரவே “நீ பேசலன்னா எனக்கு நாளே ஓடல” என்று செய்தி வந்தது. நான் இரண்டையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தேன், கணக்கு டேலி ஆகுமா என்று.

இதைச் சும்மா பொழுதுபோக்காகச் செய்யவில்லை. துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. ஆவணியில் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பாவிடம் என்ன சொல்வது என்பது அந்த ரோஜாப் பூவுக்கு என்ன அர்த்தம் என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் தோழிதான் உரை ஆசிரியர். “ஷிஃப்ட் மாறியிருக்கும்டி.” “ரூம்ல பத்துப் பேர் இருப்பாங்க, எப்படிப் பேசுவாரு?” “மழைப் படம் அனுப்புறாருன்னா உன் நெனப்புதானே?” அவளைக் குறை சொல்ல முடியாது, அவளுக்கு நான் இதே வேலையை இரண்டு வருஷம் செய்திருக்கிறேன். கல்லூரியில் குறுந்தொகையின் 66ஆவது பாட்டை நடத்தினார்கள். கார்காலத்தில் திரும்பிவருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்கிவிடக் கூடாதே என்று தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றைக்கு அறிவில்லை, ஏதோ பெய்த மழையைக் கார் என்று நினைத்துப் பூத்திருக்கிறது. தோழியின் அன்பு என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். இப்போது யோசித்தால், வராதவனைக் காப்பாற்ற ஒரு மரத்தை முட்டாளாக்கியிருக்கிறாள். ஸ்ரீரங்கத்தில் ரங்கநாதரோடு ஒன்றானதாகச் சொல்லப்படும் ஆண்டாளும் நாச்சியார் திருமொழியில் கூடல் இழைக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரைவது, கோட்டின் முனைகள் சேர்ந்தால் அவன் வருவான். நான் ராத்திரி பதினொன்றரைக்கு ‘லாஸ்ட் சீன்’ பார்த்ததும் அந்த வேலைதான். வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது 2014இல். அதுவரை மணல்தான் இருந்தது.

குறி பார்ப்பது ஏன் எப்போதும் நம் பக்கத்து வேலையாக இருக்கிறது? அச்சம், நாணம், மடம் எல்லாம் பெண்ணுக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்லிவைத்த ஊரில், கேட்பது அசிங்கம், ஊகிப்பது அழகு. பேசாத ஆணுக்கு ‘பிஸி’ என்று பெயர். “ஏன் பேசல?” என்று கேட்ட பெண்ணுக்கு ‘டார்ச்சர்’. இந்தப் பெயர் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே நான் நாலு மாதம் எதையும் கேட்காமல் நல்ல பெண்ணாக இருந்தேன்.

நோட்டை அத்தை பார்த்துவிட்டாள். எங்கள் தெருவுக்கே அவள்தான் பிளவுஸ் தைப்பாள். மாமா தொண்ணூறுகளில் சவூதியில் இருந்தவர். கடிதம் வர இரண்டு மூன்று வாரம் ஆகும், எப்போதாவது ஊருக்கு வருகிறவர் கையில் பேசிப் பதிவு செய்த கேசட் வரும். அத்தை பக்கங்களைப் புரட்டினாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன்.

“அவன் என்னென்ன சொன்னான்னு எழுதியிருக்க. நீ என்னடி கேட்ட?”

நான் ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

“எனக்குத் தபால்காரன் மேல பழி போடலாம். உனக்கு யாரு இருக்கா?” என்றபடி மெஷினுக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. எழுதி எழுதி அழித்துவிட்டு, கடைசியில் கூப்பிட்டேன். கை நடுங்கியது. “மாசத்துல ஒரு நாள் பேசுனாக்கூடப் போதும், ஆனா எந்த நாள்னு எனக்குத் தெரியணும். வீட்டுல மாப்பிள்ளை பாக்குறாங்க. நான் யாருன்னு உங்க அக்காகிட்ட சொல்லுவீங்களா?” இவ்வளவுதான். நாலு மாதமாகச் சுமந்தது அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அவர் பக்கத்தில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு ஏஜென்டுக்குக் கட்டிய கடனைச் சொன்னார், தங்கச்சி கல்யாணத்தைச் சொன்னார். அத்தனையும் உண்மை என்றே இன்றும் நம்புகிறேன். பன்னிரண்டு மணி நேரம் கட்டட வேலை செய்துவிட்டுத் தூங்க வருகிற மனிதரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. அவருக்கும் யாரும் பேசக் கற்றுத்தரவில்லை. ஆனால் அந்தப் பேசாமையின் வட்டியை நான் கட்டிக்கொண்டிருந்தேன்.

“அப்போ முடியாதுன்னு சொல்றீங்களா?”

“அப்படியும் இல்ல.”

நாலு மாதமாக வந்த பூ, மழை, சிரிப்பு எல்லாவற்றுக்கும் பொழிப்புரை அதுதான். அவரே எழுதித் தந்துவிட்டார். “சரி, இனிமே நான் காத்திருக்கல. சொல்ற மாதிரி ஏதாவது இருந்தா கூப்பிடுங்க” என்று வைத்தேன். அன்று இரவு முழுக்க அழுதேன், அதை மறைக்க வேண்டியதில்லை.

அப்பாவிடம் ஆவணியில் யாரும் வர வேண்டாம், தேர்வு முடியட்டும் என்றேன். ஒரு வாரம் பேசாமல் இருந்தார். துறையூர்க்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து ஒரு மழைப் படம் வந்தது. பார்த்தேன், நீல டிக் விழுந்திருக்கும். எதையும் நோட்டில் எழுதவில்லை.

அத்தை கேட்டாள், “என்னடி ஆச்சு?”

“கேட்டுட்டேன்.”

“என்னவாம்?”

“அப்படியும் இல்லையாம்.”

அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “சரி, ஊசியில நூலக் கோத்துக் குடு. எனக்குக் கண்ணு தெரியல. நாலு பிளவுஸுக்கு ஹூக் வைக்கணும்.”