கழுத்து திருகிய புறா

கோழி வளர்ப்போர் அஞ்சும் வெள்ளைக்கழிச்சலுக்கு இராணிக்கெட் நோய் என்றும் பெயருண்டு. அந்நோய்க் கிருமியின் வகையொன்று புறாக்களையே தனக்கு வீடாக்கிக்கொண்டதைப் பலர் அறியார். 1970களின் இறுதியில் மத்தியக் கிழக்கில் தலைகாட்டிய அது, 1981இல் ஐரோப்பாவை எட்டியது. 1984இல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகக் கிடங்குகளில், தீவனத்தில் கலந்த புறா எச்சத்தின் வழியே கோழிப் பண்ணைகளுக்குள்ளும் புகுந்தது.

கொல்லிமலையின் திருப்புலி நாட்டில் வாழும் என் தங்கையின் மகனிடம் 11 புறாக்கள் இருந்தன. மழைக்காலத்தில் அவற்றுள் மூன்று ஓயாது நீர் பருகின. எச்சம் பச்சை நீராய்ப் போயிற்று. தானியத்தைக் கொத்தினால் அலகு குறி தவறியது. ஒன்றின் கழுத்து திருகி, முகம் வானம் நோக்கி நின்றது.

"கண்ணேறுதான், தம்பி" என்றார் தங்கையின் மாமியார். ஓதிய தண்ணீரைத் தெளிக்கச் சொன்னார். அதில் எனக்கு மறுப்பில்லை. நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ளவற்றோடு சேர்க்க வேண்டாமென அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை மட்டும் நினைவூட்டினேன். அம்மையார் சற்றே சிந்தித்து, தாமே ஒரு கூடையைக் கொணர்ந்து அம்மூன்றையும் பிரித்து வைத்தார்.

மற்றவற்றைச் சந்தையில் தள்ளிவிடலாம் என்றார் அண்டைவீட்டார் ஒருவர். குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமா? நலமாகத் தோன்றும் பறவையும் கிருமியைச் சுமக்கக்கூடும். கீழே நாமக்கல்லிலோ ஊரெங்கும் முட்டைக் கோழிப் பண்ணைகள்!

ஆயினும் கழுத்துத் திருகல் மட்டும் சான்றாகாது. சால்மொனெல்லா என்னும் பாக்டீரியாவும், தயமின் சத்துக் குறைவும் அதே கோலத்தைத் தரும். புறா அம்மையாயின் அலகோரத்திலும் கண்ணிமையிலும் கொப்புளங்கள் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு ஆய்வுக்கூடமே துணை.

மறுநாள் ஒரு புறா இறந்தது. அதை இரட்டை உறையிலிட்டு, பனிக்கட்டியில் பொதிந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து நாமக்கல்லுக்குக் கொண்டுசென்றோம். சோதிக்கும் முறையை அங்கொரு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூளை, குடல் முதலியவற்றின் சாற்றை 9 முதல் 11 நாள் அடைகாத்த கோழிமுட்டைக்குள் செலுத்துவார்கள். கிருமி இருப்பின் கருவைச் சூழ்ந்த நீரில் பெருகும். அந்நீரைக் கோழியின் சிவப்பணுக்களோடு கலந்தால், அவை அடியில் பொட்டாகப் படியாமல் வலைபோல் விரிந்து நிற்கும். அந்நோய்க்குரிய எதிர்ப்புச் சீரத்தை முன்னரே சேர்த்துவிட்டால் மீண்டும் பொட்டு விழும். ஒரு துளிச் செந்நிறம் விரிவதும் குவிவதும் சாட்சியாகும் விந்தையை எண்ணி வியந்தேன். பி.சி.ஆர். சோதனையோ கிருமியின் மரபுக்கூற்றையே தேடிப் பிடித்துவிடுகிறது. நாட்கணக்கில் காத்திருக்க வேண்டுவதில்லை.

முடிவு ஐயத்தை உறுதிசெய்தது. கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது, பேணுதலே வைத்தியம். அக்கம்பக்கத்துக் கோழிகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. பையன் கூண்டைத் துப்புரவாக்கி, ஒவ்வொரு முறையும் சவர்க்காரமிட்டுக் கை கழுவினான்.

நோயுற்றவற்றில் இரண்டாவதும் மடிந்தது. மூன்றாவதற்குக் கழுத்து இன்னும் சாய்வுதான். ஆழமான கிண்ணத்தில் தினையை நிறைத்து வைத்தால் தானே உண்கிறது.